தேஜஸும் கப்பற்றளமும்

2016 ஜனவரியிற் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த விக்கிரமாதித்தியா என்னும் இந்திய விமானந்தாங்கிக் கப்பலின் முன்தளம் மேல்நோக்கி வளைந்தது. விமானத்தை உந்தி எறியும் பொறி அதில் இல்லை. குறுகிய தளத்தில் ஓடி, அவ்வளைவின் துணையால் விமானம் தானே எழுதல் வேண்டும். ஆதலின் நிறையே அங்கு முதல் வினா.

தேஜஸ் போர்விமானத்தின் கடற்படை வடிவம் இவ்வினாவிலேயே இடறிற்று. கப்பலில் இறங்கும் விமானம் தளத்தில் மோதியே அமரும். அதன் வாற்கொக்கி குறுக்குக் கம்பியைப் பற்ற, சடுதியில் நிற்கும். அவ்வதிர்ச்சியைத் தாங்கக் கால்களும் உடலும் வலுப்படுத்தப்பட்டன. வலுவோடு நிறையுங் கூடிற்று, எந்திரமோ ஒன்றே. நிறை மிகையால் அது கப்பலுக்கு ஏலாதென 2016 டிசெம்பரிற் கடற்படைத் தளபதி அறிவித்தார்.

இவ்விடர் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ராடாருக்கு எளிதிற் புலப்படாவாறு அமெரிக்கக் கடற்படைக்கென வரையப்பட்ட ஏ-12 தாக்குவிமானம், நிறையும் செலவும் மிகுந்து, ஒன்றேனும் பறவாமலே 1991 ஜனவரி 7இல் நிறுத்தப்பட்டது.

தேஜஸோ பறந்தது. 2020 ஜனவரி 11இல் அதே விக்கிரமாதித்தியாவில் மாதிரி விமானமொன்று செவ்வனே இறங்கி, மறுநாள் எழுந்தது. குறை அறிவிலன்று, நிறையிலே என்பது அன்று தெளிவாயிற்று. ஆயினும் 2025 ஏப்ரலில் 26 ரஃபால் கடற்படை விமானங்களுக்கு இந்தியா பிரான்சுடன் ஒப்பந்தஞ் செய்தது.