மொழியியல் என்றால் பல மொழி படிப்பதா?



சென்ற மாதக் கல்வி உதவிக் குழுக் கூட்டத்துக்கு ஒரு மனு வந்தது. பி.ஏ. ஆங்கிலம் முடித்த நம் மஹல்லாப் பெண்பிள்ளை ஒருத்தி, எம்.ஏ. மொழியியல் படிக்க உதவி கேட்டிருந்தாள். "எத்தனை மொழி கற்றுத் தருவார்களாம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "பி.எட். படித்தால் டீச்சர் வேலையாவது கிடைக்கும்" என்றார் இன்னொருவர். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம் என்று குறிப்பு எழுதியது நான்தான். மதரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும் ஓதி, பிறகு கல்லூரிக்கும் போனவன் நான். அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அது மனதை உறுத்தியது. பாடத்திட்டத்தை வாங்கிப் படித்தேன். அந்தப் பிள்ளையையும் அவள் வாப்பாவையும் அழைத்துப் பேசினேன். விளங்கியதை எழுதுகிறேன்.

மொழியியல் படித்தவருக்குப் பத்து மொழி பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மொழி என்பது எப்படி இயங்குகிறது, ஒலி வாயில் எங்கே பிறக்கிறது, சொல் எப்படி உருவாகிறது, ஊருக்கு ஊர் பேச்சு ஏன் மாறுகிறது என்று ஆராய்வதுதான் அந்தப் படிப்பு. இது சரி, அது தப்பு என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலையில்லை. ஏன் இப்படி என்று கேட்பதே வேலை.

நம் வீடுகளில் நடக்கும் ஒரு வாக்குவாதத்தையே எடுத்துக்கொள்வோம். கரையோர ஊர்களில் 'ரமளான்', 'ரமழான்' என்கிறோம். காலண்டரில் 'ரம்ஜான்' என்று இருக்கிறது. நாம் 'ஒளு' என்பதை உருது பேசும் குடும்பங்கள் 'வஜூ' என்கின்றன. நமக்குக் 'காழி', அவர்களுக்குக் 'காஜி'. எது சரி என்று கல்யாண வீடுகளில்கூட நாம் வாதாடியதுண்டு.

இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் இருப்பது அரபியின் 'ளாத்' என்ற ஒரே எழுத்து. பாரசீகர்கள் அதை 'ஸ'வை அதிரச் சொன்னதுபோல உச்சரித்தார்கள். உருதுவும் அதையே எடுத்துக்கொண்டது. அந்த ஒலி தமிழில் இல்லாததால் நம் நாக்கில் அது 'ஜ' ஆயிற்று. நீதிமன்றத்தில் 'ஆஜர்' என்கிறார்களே, அது அரபியின் 'ஹாளிர்'. 'ஜாமீன்' என்பது 'ளாமின்'. 'ஜில்லா'வுக்கும் மூல எழுத்து 'ளாத்'தான். ஆட்சி, கச்சேரி, வரிக் கணக்கு வழியாக, பாரசீகத்தில் புகுந்து தமிழுக்கு வந்த சொற்கள் இவை. 'ஒளு'வும் 'காழி'யும் அந்தப் பாதையில் வந்திருந்தால் அவற்றிலும் 'ஜ' இருந்திருக்கும். இல்லை. ஆகவே அவை பாரசீகத்தைத் தொடாமல், அரபியிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தவை என்று ஒலியை வைத்தே சொல்லிவிடலாம். கப்பலும் வணிகமும் வந்துபோன கரை இது என்பதற்கு ஓலையும் கல்வெட்டும்தான் சாட்சி என்று நினைத்திருந்தேன். நம் வீட்டுப் பேச்சே சாட்சியாக இருக்கிறது.

சரி, 'ளாத்'துக்கு ஏன் 'ள', 'ழ' வந்தது? மதரஸாவில் தஜ்வீத் ஓதியவர்களுக்கு மக்ரஜ் நினைவிருக்கும்: நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட வேண்டும். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த இலக்கண மேதை சீபவைஹி தம் 'அல்-கிதாப்' நூலில் இதைத்தான் எழுதிவைத்தார். நாவின் ஓரத்தில் பிறக்கும் ஒலி 'ல'கரத்துக்கு உறவு. ஸ்பெயின் நாட்டுக்குப் போன 'அல்-காளி' அங்கே 'அல்கால்தே' ஆகி, இன்றும் ஊர்த் தலைவரைக் குறிக்கிறது. அதிலும் ஒரு 'ல்' ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். மலாயில் 'ரிளா' என்ற சொல் 'ரெலா' ஆயிற்று. நம் முன்னோர் 'ள' என்று எழுதியது காது கேட்காமல் செய்த பிழை இல்லை. (குர்ஆன் ஓதும்போது தஜ்வீத் முறைப்படிதான் ஓத வேண்டும். அது வேறு விஷயம். இங்கே பேசுவது நம் பேச்சு வழக்கை.)

இன்னொன்றையும் அந்தப் பிள்ளை சொன்னாள். 'கல்', 'மகன்', 'தங்கம்' மூன்றிலும் 'க' ஒரே எழுத்து, ஆனால் ஒலி மூன்று. தமிழில் அதனால் பொருள் மாறாததால் நம் காது அதைக் கண்டுகொள்வதில்லை. அரபியில் பெரிய காஃப் போட்டால் 'கல்பு' உள்ளம், சின்ன காஃப் போட்டால் நாய். பொருளை மாற்றும் ஒலி எது, மாற்றாத ஒலி எது என்பதற்கே ஒலியனியல் என்று தனிப் பாடம் இருக்கிறதாம். நம் மக்தபில் பிள்ளைகள் எங்கே திணறுகிறார்கள், ஏன் திணறுகிறார்கள் என்பதற்கு உஸ்தாதுமார்களுக்கு இது உதவும் என்று எனக்குத் தோன்றியது.

படிப்பு இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். ஒலியியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல், வரலாற்று மொழியியல், சமூக மொழியியல் ஆகியவை பொதுவாக எல்லா இடத்திலும் உண்டு. பல இடங்களில் கணினி மொழியியலும், ஓர் ஊருக்குப் போய்ப் பேச்சைப் பதிவுசெய்து ஆராயும் களப்பணியும் உண்டு. தமிழ்நாட்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மொழியியல் துறைகள் இருக்கின்றன. வெளியே அலிகார், டில்லி, ஜே.என்.யு., ஹைதராபாத். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு வழியாகச் சேர்க்கின்றன. பல இடங்களில் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரலாம். ஆனாலும் அந்தந்த ஆண்டின் விவரக் குறிப்பைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். ஓதலோடு கல்லூரிப் பட்டமும் முடித்த ஆலிம் பிள்ளைகளுக்கு நஹ்வு தெரிந்திருப்பது இந்தப் படிப்பில் பெரிய கைமுதல்.

இனி வேலை. இதில் ஆசை காட்ட எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்தில் மொழியியல் என்று ஒரு பாடம் கிடையாது. எனவே இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துப் பள்ளி ஆசிரியராகலாம் என்று நம்ப வேண்டாம். பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் வேலைக்கும் இது போதாது. அதற்கு பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற தனிப் படிப்பு இருக்கிறது. கல்லூரி ஆசிரியராக, ஆராய்ச்சியாளராக வேண்டுமானால் 55 சதவீத மதிப்பெண்ணோடு (ஓ.பி.சி. உள்ளிட்ட இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) முதுகலை முடித்து, மொழியியல் பாடத்தில் யு.ஜி.சி. நெட் எழுத வேண்டும். அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித் தொகை. நம் பிள்ளைகள் பலருக்குக் கைகொடுத்த மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பை 2022-இல் நிறுத்திவிட்டார்கள் என்பதால் இந்தத் தேர்வை விட்டால் வழி குறைவு. மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் தனி. மாநில பி.சி. முஸ்லிம் சான்றிதழ் அங்கே செல்லாது. கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள்.

மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வுத் திட்டப் பணிகள் வருவதுண்டு, பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. அகராதி, மொழிபெயர்ப்பு, கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் நிறுவனங்கள் என்று வேறு வாசல்களும் உண்டு. அதற்குப் படிக்கும்போதே கொஞ்சம் கணினி நிரல் எழுதவும் கற்றிருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையிடம், சேர்ந்தால் எதை ஆராய்வாய் என்று கேட்டேன். தன் உம்மம்மா பேசும் சொற்களைப் பதிவுசெய்யப் போகிறாளாம். அந்தம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அரபுத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் அந்தத் தெருவில் இப்போது அவர் ஒருவர்தான். அவள் வாப்பா அதுவரை பேசாமல் இருந்தவர், "ரெண்டு வருஷம் கழிச்சுக் கேக்கலாம்னு இருக்க முடியாதுங்க" என்றார்.

குழு வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்தில் கூடுகிறது. ஒத்திவைத்த மனுவை இன்ஷா அல்லாஹ் நானே முன்வைக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம்.

— செயலாளர்