விலையை ஏற்றிய காத்திருப்பு

கார் பழையதாக ஆக, அதன் மறுவிற்பனை மதிப்பு சரியும் என்பது பொதுவிதி. ஜப்பானின் நிசான் நிறுவனம் 1999 முதல் 2002 வரை தயாரித்த 'ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34' பந்தயவகைக் கார் இவ்விதிக்கு விலக்கு. அதில் ஏறத்தாழ 11,500 கார்களே உருவாயின.

ஜப்பானில் புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயத் தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும். அச்செலவுக்கு அஞ்சிப் பழைய கார்களை விற்போர் மிகுதி. எனவே அங்கு அவற்றின் விலை குறைவு. அமெரிக்காவிலோ, அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளின்படி தயாரிக்கப்படாத கார்களை, 25 ஆண்டுகள் நிறைவடையும் வரை பெரும்பாலும் இறக்குமதி செய்ய இயலாது.

திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் ஆர்34-ஐக் கண்டு வளர்ந்த அமெரிக்கத் தலைமுறை, கையில் பணத்துடன் காத்திருந்தது. முதல் கார்களுக்கான தடை 2024-இல் நீங்கியது. அதை முன்கூட்டியே கணக்கிட்ட வணிகர்கள் வாங்கிச் சேர்த்ததால், விலை அதற்கு முன்பே ஏறிவிட்டது. தம் நாட்டுக் காரைத் தாமே வாங்க இயலாத நிலைக்கு ஜப்பானிய ஆர்வலர்கள் தள்ளப்பட்டனர்.

2027-இல் எஞ்சிய கார்களுக்கும் தடை விலகும். அதன்பின் விலையைத் தாங்கி நிற்கப்போவது சட்டமன்று. ஒரு தலைமுறையின் ஏக்கம் மட்டுமே. முதலீடாக எண்ணி வாங்குவோர் இதை மறந்துவிடலாகாது.