புதைத்தாலும் உறையும், வெளியே விட்டாலும் உறையும்! பனி ஊருக்கு தண்ணீர் கொடுக்கும் 'குழாய்ப் பெட்டி'

கனடா நாட்டின் வடகோடியில் இனுவிக் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஜனத்தொகை 3 ஆயிரத்து சொச்சம்தான். டிசம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன், ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஜனவரியில்தான் மறுபடி தலை காட்டும். குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போவது உண்டு. வாளியில் தண்ணீர் பிடித்து வாசலில் வைத்தால் கல்லு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் அந்த ஊரில் வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. கழிவறையில் ஊற்றிய தண்ணீர் தடங்கல் இல்லாமல் போகிறது. எப்படி?

வீடுகளுக்குப் பின்பக்கம் போனால் விடை தெரியும். தகரம் போர்த்திய நீளமான பெட்டி ஒன்று, கட்டைக்கால்கள் மேல் நின்றபடி வீடு வீடாகப் போகிறது. பார்ப்பதற்கு ரெயில் பெட்டிகளைக் கோர்த்து வைத்தது போல இருக்கும். குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய் எல்லாம் அதற்குள்தான்.

இதற்குப் பெயர் 'யுடிலிடார்'. தண்ணீர், கரண்ட், கேஸ் போன்ற சேவைகளைக் குறிக்கும் 'யுடிலிட்டி' என்ற சொல்லையும், நடைபாதை என்று பொருள்படும் 'காரிடார்' என்ற சொல்லையும் ஒட்டவைத்து உண்டான பெயர் இது. தமிழில் 'குழாய்ப் பாதை' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனுவிக்கில் இது தரைக்கு மேலே நிற்கிறது. ஆனால் இந்த யோசனை முதலில் பெரிய நகரங்களில், பூமிக்கு அடியில்தான் பிறந்தது.

லண்டனில் ஆரம்பித்த கதை

புது ரோடு போட்டு தார் வாசனைகூட போயிருக்காது. அதற்குள் குடிநீர்க் குழாய்க்கு ஒருவர் வந்து தோண்டுவார். அவர் மூடிவிட்டுப் போனதும் கேபிள்காரர் வருவார். அடுத்து கேஸ்காரர். இந்தத் தொல்லை இன்று நேற்று வந்தது அல்ல. 19-ம் நூற்றாண்டு லண்டன்வாசிகளும் இதைத்தான் அனுபவித்தார்கள்.

அப்போது லண்டனில் தண்ணீருக்கு ஒரு கம்பெனி, கேஸ் விளக்குக்கு வேறு கம்பெனி. ஆளாளுக்குத் தெருவைத் தோண்டினார்கள். "திரும்பத் திரும்ப எதுக்குத் தோண்டணும்? தெருவுக்கு அடியில் ஒரு பாதை கட்டி, எல்லா குழாயையும் அதுக்குள்ள விட்டுட்டா என்ன?" என்ற யோசனை வந்தது.

1861-ம் ஆண்டு லண்டன் காரிக் தெருவுக்கு அடியில் அப்படி ஒரு சுரங்கப்பாதை கட்டினார்கள். ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு உயரம். குழாய் ஒழுகினால் தொழிலாளி உள்ளே இறங்கிச் சரிசெய்துவிட்டு வரலாம். மேலே வண்டி போக்குவரத்து நிற்காது. அதன்பிறகு ஹோல்பர்ன், தேம்ஸ் ஆற்றங்கரை என்று பல இடங்களில் கட்டினார்கள். லண்டனில் இந்தப் பாதைகள் இப்போதும் பயன்பாட்டில் இருக்கின்றன. கட்டியவர்கள் கண்ணால் பார்த்திராத இன்டர்நெட் கேபிளும் இன்று அதற்குள் போகிறது.

பாரீஸ் நகரத்தில் வேறு வழி. 1850-களுக்குப் பிறகு அங்கே பெரிய சாக்கடைச் சுரங்கங்கள் கட்டியபோது, அதே சுரங்கத்தின் மேல்பகுதியில் குடிநீர்க் குழாயையும் கொண்டுபோனார்கள். பின்னால் தந்தி, டெலிபோன் கம்பிகளும் அதிலேயே சேர்ந்துகொண்டன.

இப்போது ஜப்பானில் பெரிய ரோடுகளுக்கு அடியிலும், சிங்கப்பூரில் மெரினா பே பகுதியிலும் இப்படிப்பட்ட சுரங்கங்கள் உண்டு. நம் நாட்டில் குஜராத் மாநிலம் காந்திநகர் அருகே உருவான 'கிப்ட் சிட்டி'யிலும் ஒன்று கட்டியிருக்கிறார்கள்.

நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு

லாபம் என்னவென்று பார்த்தால் ரோடு தப்பிக்கும். குழாயைக் கண்ணால் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கலாம். புதுசா ஒரு கேபிள் வந்தாலும் இடம் இருக்கும்.

நஷ்டமும் இருக்கிறது. முதலில் போடும் பணம் அதிகம். கட்டிடம் நெருக்கியடித்து நிற்கும் பழைய தெருவில் புதிதாக இதைக் கட்டுவது பெரும்பாடு. அதனால்தான் புதுசாக உருவாகும் பகுதிகளில் இது சுலபமாக வருகிறது. பழைய ஊர்கள் தோண்டித் தோண்டியே காலம் தள்ளுகின்றன.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதால், அங்கே ஒன்று நடந்தால் எல்லாமே நின்றுபோகும். 1984 நவம்பரில் டோக்கியோவின் செதகயா பகுதியில், டெலிபோன் கேபிள் போகும் சுரங்கத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. சுமார் 89 ஆயிரம் டெலிபோன் இணைப்புகள் செத்துப்போயின. பாங்கி வேலைகள்கூட முடங்கின.

உள்ளே இறங்கும் தொழிலாளிக்கும் ஆபத்து உண்டு. மூடிய இடம் என்பதால் கேஸ் தேங்கலாம், மூச்சுவிடக் காற்று இல்லாமல் போகலாம். அதனால் மூடியைத் திறந்ததும் இறங்கிவிடக் கூடாது. முதலில் காற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும், மின்விசிறி வைத்து நல்ல காற்றை உள்ளே தள்ள வேண்டும். ஒருவர் மேலேயே காவல் நிற்க வேண்டும். இது ஏட்டில் எழுதி வைக்கும் விதி மட்டும் அல்ல, இறங்குகிறவரின் உயிர்.

குளிர் தேசத்தில் என்ன சிக்கல்?

வெயில் ஊர்களில் இந்தச் சுரங்கம் ஒரு வசதி. குளிர் தேசங்களில் இது இல்லாவிட்டால் பிழைப்பே கஷ்டம்.

குளிர்காலத்தில் தரை மேலிருந்து கீழ்நோக்கி உறையும். கனடாவின் தெற்குப் பகுதி ஊர்களில் 2 மீட்டர், அதற்கும் கூடுதலான ஆழத்தில் குடிநீர்க் குழாயைப் பதிப்பார்கள். அந்த ஆழத்துக்குக் குளிர் இறங்காது. குழாய் பிழைத்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் பேர்பேங்க்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கட்டிடங்களுக்கு இடையே பூமிக்கு அடியில் கான்கிரீட் குழாய்ப் பாதைகள் போகின்றன. சொந்த மின் நிலையத்தில் உண்டாகும் நீராவி, அந்தப் பாதையில் உள்ள குழாய் வழியாகக் கட்டிடங்களுக்குப் போய்ச் சூடு கொடுக்கிறது. நீராவிக் குழாயின் வெப்பத்தில் பக்கத்துத் தண்ணீர்க் குழாயும் உறையாமல் இருக்கும். பலகாரம் சுடும் அடுப்புப் பக்கத்தில் குளிர் காய்கிற மாதிரி!

ஆனால் இன்னும் வடக்கே போனால் இந்த வித்தையும் பலிக்காது. அங்கே தரை கோடையில்கூட உருகாது. மேல்பகுதி மட்டும் கொஞ்சம் இளகும். அதற்குக் கீழே பல பத்து மீட்டர் ஆழத்துக்கு மண்ணும் பனிக்கட்டியும் சேர்ந்து பாறை போல் கிடக்கும். இதை 'உறைநிலம்' என்கிறார்கள்.

இங்கே குழாயை எவ்வளவு ஆழத்தில் புதைத்தாலும் உறைந்துபோகும். சரி, சூடாக்கிப் புதைத்தால்? அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பனி உருகி, நிலம் சேறாகும். சேறானால் குழாய் தொங்கும், உடையும். மேலே இருக்கும் வீடும் சாயும். நிலத்தால் குழாய்க்குக் கேடு, குழாயால் நிலத்துக்குக் கேடு. இரண்டையும் பிரித்து வைப்பதுதான் ஒரே வழி.

இடம் மாறிய ஊர்

இனுவிக் பிறந்த கதை இதுதான். மெக்கன்சி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அக்லாவிக் என்ற பழைய ஊர் இருந்தது. அடிக்கடி வெள்ளம். ஆறு கரையை அரித்துக்கொண்டே வந்தது. மண்ணிலோ ஏகப்பட்ட பனிக்கட்டி. அங்கே குழாய் போடவும் முடியாது, பெரிய கட்டிடம் எழுப்பவும் முடியாது என்று கனடா அரசு கணக்குப் போட்டது.

அதனால் ஆற்றின் கிழக்குப் பக்கம் மேடான இடம் பார்த்து, 1955-ல் புது ஊர் கட்டும் வேலையைத் தொடங்கியது. 1958-ல் அதற்கு இனுவிக் என்று பெயர் வைத்தார்கள். 'மனிதர்களின் இடம்' என்று அர்த்தம். 1961 ஜூலையில் அன்றைய பிரதமர் ஜான் டீபன்பேக்கர் முறைப்படி திறந்து வைத்தார்.

இங்கே கட்டிட வேலையே வேறு மாதிரி. நிலத்தை மூடியிருக்கும் பாசியைச் சுரண்டக்கூடாது. சுரண்டினால் வெயில் பட்டு அடிப்பனி உருகும். அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டினார்கள். நீராவியைப் பாய்ச்சி உறைநிலத்தில் துளை போட்டு, மரத்தூண்களை இறக்கினார்கள். தூணைச் சுற்றி மண் மறுபடி உறைந்ததும் அது இறுகிவிடும். கட்டிடங்கள் அந்தத் தூண்கள் மேல், தரையைத் தொடாமல் நின்றன. கீழே குளிர்காற்று புகுந்து போவதால் நிலம் உறைந்தபடியே இருக்கும்.

குழாய்ப் பெட்டியையும் அப்படியே தூண் மேல் ஏற்றினார்கள். உள்ளே மூன்று சரக்கு. ஒன்று, மின் நிலையத்தில் கொதிநிலையைத் தாண்டிச் சூடாக்கி, அழுத்தத்தோடு அனுப்பிய வெந்நீர். அது கட்டிடங்களைச் சூடாக்கும். மற்ற இரண்டும் குடிநீரும் சாக்கடையும். வெந்நீர்க் குழாயின் தயவில் அவையும் உறையாமல் ஓடின.

பெட்டி எங்கே நின்றது?

இவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டிய பெட்டி, எல்லார் வீட்டுக்கும் போகவில்லை.

ஊரின் கிழக்குப் பகுதியில் அரசு அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தெற்கிலிருந்து வந்த அரசு ஊழியர்களின் வீடுகள். பெட்டி அங்கே போனது. மேற்குப் பகுதியில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுவியலூயிட், குவிச்சின் மக்கள். பலர் கூடாரத்திலும் சின்னச் சின்ன வீட்டிலும் இருந்தார்கள். பெட்டி அங்கே போகவில்லை.

அவர்களுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. கழிவறை என்றால் வாளிதான். அதில் பை மாட்டியிருக்கும். நிரம்பியதும் கட்டி வெளியே வைத்தால் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். வடக்கத்தி ஊர்களில் இதைக் கேலியாகத் 'தேன் வாளி' என்பார்கள்.

பெட்டியை நீட்டச் செலவு அதிகம், அந்த வீடுகளால் கட்டணம் கட்ட முடியாது என்று கணக்குப் பார்த்தார்கள். ஊரைக் கட்டும் வேலையில் கூலிக்கு நின்றவர்களில் மேற்குப் பகுதிக்காரர்களும் உண்டு. தூண் இறக்கியவன் வீட்டுக்குக் குழாய் இல்லை!

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு. ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் வாளி. யார் உசத்தி, யார் தாழ்த்தி என்பதை அந்தத் தகரப் பெட்டி தெருவிலேயே கோடு போட்டுக் காட்டியது. மண்ணுக்கு அடியில் இருந்தால் கண்ணில் படாது. இது தரைக்கு மேலே நின்றதால் தினமும் கண்ணை உறுத்தியது.

இன்று எப்படி?

காலம் போகப் போகப் பெட்டி மேற்குப் பக்கமும் நீண்டது. இப்போது ஊரின் பெரும்பகுதிக்குக் குழாய் இணைப்பு இருக்கிறது. கட்டிடங்களைச் சூடாக்கிய பொது வெந்நீர் ஏற்பாடு பிற்காலத்தில் கைவிடப்பட்டது. வீடுகள் சொந்தக் கொதிகலனுக்கு மாறின.

வெந்நீர்க் குழாயின் துணை இல்லாமல் தண்ணீர் உறையாமல் இருக்க வேறு வழிகள் உண்டு. குடிநீரையே லேசாகச் சூடாக்கி, தேங்க விடாமல் சுற்றிச் சுற்றி ஓட வைக்கலாம். கனடாவின் நுனாவுட் பகுதித் தலைநகரான இக்கலூயிட்டில், தடித்த நுரை போர்த்திய குழாய்களைப் பூமிக்குள்ளேயே பதித்து இப்படித்தான் ஓட்டுகிறார்கள். அங்கேயும் குழாய் எட்டாத வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான்.

இப்போது புதுக் கவலை வேறு. வடதுருவப் பகுதி உலக சராசரியைவிட வேகமாகச் சூடேறி வருகிறது. உறைநிலம் இளகினால் தூண் சாயும். தூண் சாய்ந்தால் பெட்டிக்குள் இருக்கும் குழாய் வளையும். குளிரைச் சமாளிக்கக் கட்டிய பெட்டிக்கு, இப்போது குளிர் குறைவதே சிக்கலாகிவிட்டது. பழைய பெட்டிகளைக் கட்டம் கட்டமாக மாற்ற வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்தப் பழைய ஊர் அக்லாவிக்? எல்லாரும் காலி செய்வார்கள் என்று அரசு நினைத்தது. ஒரு பகுதி ஜனங்கள் நகர மறுத்து அங்கேயே இருந்துவிட்டார்கள். "சாகமாட்டோம்" என்பதையே ஊரின் முழக்கமாக வைத்துக்கொண்டார்கள். அக்லாவிக் இன்றும் வரைபடத்தில் இருக்கிறது.