அறுபது சதவீதம், எதன்மேல்?

மும்பை ஹை எண்ணெய் வயலின் உற்பத்தியைப் பெருக்குவதற்கு அரசுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. 2025 ஜனவரியில் தேர்ந்தெடுத்த பிரிட்டிஷ் நிறுவனமான பி.பி.க்கு நிலையான கட்டணம் கொடுக்கப்படும் முதல் இரண்டாண்டுக் கெடுவை முன்னிட்டு, ‘இன்றைக்கு வருவதைவிட 60 சதவீதம் அதிகமாக வரும் என்கிறார்களே, எப்போது?’ என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு வருவதைவிட என்று எவரும் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

இப்போது நடப்பதுபோலவே காரியங்கள் நடந்தால், 1985 வாக்கில் உச்சத்தைத் தொட்டுவிட்டு வற்றிவரும் இந்த முதிர்ந்த வயல் ஒப்பந்தக் காலமான பத்தாண்டுகளில் என்ன தருமென்று அனுமானித்து வரைந்த சரிவுக் கோடு ஒன்று உண்டு. அதற்கு மேல்தான் 60 சதவீதம், அதுவும் ‘வரை’ என்ற சௌகரியமான பின்னொட்டுடன். பேச்சுக்கு, இன்று 100 பீப்பாய் தரும் கிணறு ஒரு நாள் 60-க்கு இறங்கும் என்பது அனுமானமானால், வாக்குறுதி முழுமையாக நிறைவேறினாலும் அன்றைக்குக் கிடைப்பது 96 தான். உற்பத்தி குறைந்திருக்கும், சாதனையும் பதிவாகியிருக்கும்!

இரண்டாண்டுக்குப் பின் பி.பி. பெறும் ஊதியமும் கோட்டுக்கு மேலே வரும் கூடுதல் உற்பத்தியின் வருமானத்தில் ஒரு பங்கு என்பதால், கோடு எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அந்நிறுவனத்துக்கு அநுகூலம். யுக்தி சாமர்த்தியமானதே, ஆனால் அந்நியர் தலையிடாத அந்தப் பத்தாண்டுகள் ஒருபோதும் நிகழப் போவதில்லையாதலால், கோடு சரியா தவறா என்று பின்னால் பரீட்சித்துப் பார்க்க மார்க்கமில்லை.

பூமிக்கடியிலோ வேறொரு சங்கடம். எண்ணெய்க்குக் கீழே நீர் நிற்கும் இடத்தில் கிணற்றை அவசரப்பட்டு இழுத்தால், நீர் கூம்பாக மேலெழுந்து துளையை அடைத்துக்கொள்ள, சுற்றியுள்ள எண்ணெய் சுண்ணாம்புப் பாறையிலேயே தங்கிவிடும். பத்தாண்டுக் கணக்குக்கு லாபமாகத் தோன்றுவது வயலின் ஆயுள் கணக்குக்கு நஷ்டமாகலாம். ‘அதிகபட்ச மீட்பு’ என்று உத்தியோகபூர்வமாகச் சொல்லும்போது எந்தக் கணக்கு என்பதை அந்த நிறுவனங்கள் விளக்குவதில்லை.

மற்றக் கேள்விகள். வயல் பி.பி.க்குச் சொந்தமாகிவிடுமா? ஆகாது, உரிமையும் நிர்வாகமும் ஓ.என்.ஜி.சி.யிடமே.

பெட்ரோல் விலை இதனால் இறங்குமா? இறங்காது.

வயல் ஒரு நாள் முற்றிலும் காலியாகிவிடுமா? எந்த வயலும் ஆவதில்லை. பெரும்பகுதி எண்ணெய் பாறையிலேயே தங்குவது உலக வழக்கம்.