கார் சாவிக்குக் காத்திருந்த காலம் போச்சு!

வீட்டு வாசலில் கார் நிற்கும்; ஓட்டத்தான் ஆள் இருக்காது. இரண்டு வருஷமாக இதுதான் எங்கள் வீட்டு நிலைமை. என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆனபின், 'இனிமேல் கார் ஓட்ட வேண்டாம்' என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். மகன் வெளியூரில். எனக்கோ கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி வந்தால்தான் கடை, கண்ணி எல்லாம்.

ஒருநாள் சாயங்காலம் கணவரின் மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக் கடை ஒன்றரை கிலோ மீட்டர்தான். ஆனால், முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. மழைக்கு ஆட்டோவும் கிடைக்கவில்லை. தம்பி வேலை முடிந்து வர ஒன்பது மணி ஆனது. அதுவரை என் உயிர் என்னிடம் இல்லை.

அன்றிலிருந்து ஒரு மாதம், கார் எங்கெல்லாம் போகிறது என்று நோட்டில் எழுதினேன். அண்ணாநகர் உழவர் சந்தை, ரேஷன் கடை, மாவு மில், பாங்க், மருந்துக் கடை... டாக்டரிடம் போனதையும், திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனதையும் தவிர, எல்லாமே நாலு கிலோ மீட்டருக்குள்! இதற்கு எதற்கு கார்?

சின்ன வயசில் சைக்கிள் ஓட்டிய தைரியத்தில், வேகம் குறைந்த பாட்டரி ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ், பதிவு எண் தேவையில்லை. "காரு நின்ன வீட்டுல பொம்மை வண்டியா?" என்று மாமியார் முகம் சுளித்தார். தெருவிலும் சிரித்தார்கள். எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போது அதே தெருப் பெண்கள்தான் விலை விசாரிக்கிறார்கள்.

ஒருமுறை முழுதாக சார்ஜ் ஏற்ற சுமார் ஒன்றரை யூனிட் கரண்ட்தான். மாசி வீதிகளில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்த அலைச்சல் இல்லை. 'அப்படியே இதையும் வாங்கிட்டு வந்துடறேன்' என்று நானே கிளம்பிவிடுகிறேன்.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். மேம்பாலம் ஏறும்போதும், பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் திணறும். நத்தம் ரோடு பறக்கும் பாலம் மாதிரி வண்டிகள் சீறிப் பாயும் இடத்துக்கு இதைக் கொண்டுபோகவே கூடாது. பலத்த மழையில் எடுப்பதில்லை. டாக்டரிடம் போக வாடகைக் கார்தான். ராத்திரியில் அவசரம் என்றால் 108.

வாங்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்: 'லைசென்ஸ் வேணாம்மா, ஆனா நல்லா வேகமா போகும்' என்று கடைக்காரர் ஆசை காட்டினால் நம்பாதீர்கள். 25-ஐத் தாண்டும் வண்டிக்குப் பதிவு, லைசென்ஸ் இரண்டும் வேண்டும். லெட்-ஆசிட் பாட்டரி விலை குறைவு. ஆனால் கனம், சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். லித்தியம் விலை கூடுதல்; அதிக நாள் உழைக்கும். பாட்டரி மாற்றும் செலவையும் கணக்கில் வையுங்கள். சட்டம் எப்படி இருந்தாலும் ஹெல்மெட் போடுங்கள்.

முக்கியமாக, இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில், இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்ததை மறக்க முடியுமா? நான் பகலில், காற்றோட்டமான போர்டிகோவில், வண்டி சூடு ஆறியபிறகுதான் சார்ஜ் போடுகிறேன். வாசலை அடைத்து நிறுத்துவதில்லை.

போன மாதம் காரை விற்றுவிட்டோம். அவர் ஆசையாக வாங்கிய கார். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் சந்தைக்குக் கிளம்பும்போது, "ஏம்மா, நானும் பின்னாடி உட்கார்ந்துக்கவா?" என்றார். மெதுவாகத்தான் போனோம். ஆனாலும், போய்ச் சேர்ந்துவிட்டோம்!

உங்கள் வீட்டு காரும் கறிவேப்பிலை வாங்கத்தான் கிளம்புகிறதா? ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, கே.கே.நகர், மதுரை.