பரஸ்பர சம்மத விவாகரத்து: கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: மதுரையிலோ ராமநாதபுரத்திலோ திருமணம் முடித்து, அந்தமானின் டெலானிபூரில் குடியேறிய ஒரு தம்பதி பிரிய முடிவெடுத்தால், "சண்டை வேண்டாம், இருவரும் சேர்ந்தே மனு போட்டுவிடுங்கள்" என்பதே உறவினர்கள் கூறும் முதல் அறிவுரையாக இருக்கும். செலவு குறைவு, நீண்ட சாட்சி விசாரணை இல்லை, ஒருவர் மீது ஒருவர் குற்றம் சுமத்த வேண்டியதில்லை. இவை அனைத்தும் உண்மையே. ஆனால், எதிர்த்து வாதிட எவரும் இல்லாத வழக்கில், மனுவில் எழுதாமல் விடுபட்ட உரிமையைப் பற்றிக் கேள்வி எழுப்பவும் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 13-பி பிரிவு 1976-ல் சேர்க்கப்பட்டது. இதன்படி, தம்பதி குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு தாக்கல் செய்து 6 மாதங்கள் கழிந்த பின், 18 மாதங்களுக்குள் இருவரும் மீண்டும் நீதிமன்றத்தை அணுகித் தங்கள் முடிவை உறுதிசெய்ய வேண்டும். பல சமூகத்தினர் கலந்து வாழும் அந்தமானில் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் புரிந்தவர்களுக்கு அச்சட்டத்தின் 28-வது பிரிவும், கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துச் சட்டத்தின் 10-ஏ பிரிவும் பொருந்தும்.

மனம் மாறினால் என்ன ஆகும்?

தீர்ப்பு வழங்கப்படும் வரை ஒருவர் தமது சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என சுரேஷ்தா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் தெளிவுபடுத்தியது. இரண்டாம் கட்டத்தில் ஒருவர் வராமல் இருப்பதையே சம்மதமாகக் கருத முடியாது என 2009-ல் ஸ்மிருதி பஹாரியா வழக்கில் கூறியது. நிர்ப்பந்தத்தால் கையெழுத்திட்டவருக்கு இது பாதுகாப்பு. அதேவேளை, ஒப்பந்தத் தொகை முழுவதையும் முதல் கட்டத்திலேயே கொடுத்துவிட்டவருக்கும், வாக்குறுதியை நம்பித் தாம் தொடுத்த வழக்குகளை முன்கூட்டியே வாபஸ் பெற்றவருக்கும் இதுவே ஆபத்து. நீதிமன்றத்தில் அளித்த உறுதிமொழியை மீறுவோர் மீது அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம்; ஆனால், விவாகரத்துக்குச் சம்மதிக்குமாறு கட்டாயப்படுத்த முடியாது என டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துள்ளது. எனவே, தொகையைத் தவணைகளாகப் பிரித்து, இறுதித் தவணையைத் தீர்ப்பு நாளில் வழங்குமாறு மனுவிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமல்ல. தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என அமர்தீப் சிங் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. காணொலி மூலம் விசாரணை நடத்தவும் அத்தீர்ப்பு இடமளித்தது. மனைவி தமிழகத்திலும் கணவர் தீவிலும் இருக்கும் வழக்குகளில் இது பெரும் உதவி. சென்னைக்கும் தீவுக்கும் இடையே கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். ஆனால், வீட்டுக் கடன் எவ்வளவு, நகைகள் எங்கே, சேமிப்பு யார் பெயரில் என்பனவற்றை விசாரித்து அறியக் கிடைக்கும் காலமும் அந்த ஆறு மாதம்தான். அவசரமாக அதை விட்டுக்கொடுப்பதில் லாபம் எப்போதும் இருவருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

விட்டுக்கொடுக்க முடிந்ததும் முடியாததும்

சம்மத விவாகரத்து பெற்றாலே ஜீவனாம்ச உரிமை போய்விடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. மறுமணம் செய்யாத மனைவி, சம்மதத்தின் பேரில் விவாகரத்து பெற்றவராயினும் ஜீவனாம்சம் கோரலாம் என்று வனமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. "இனி எவ்வித ஜீவனாம்சமும் கோர மாட்டேன்" என்ற ஒற்றை வரியை மனுவில் எழுதிக் கையெழுத்திட்ட பின், அதை மாற்றுவது மிகக் கடினம். சம்மதத்தின் பேரில் வழங்கப்பட்ட தீர்ப்பை எதிர்த்துப் பொதுவாக மேல்முறையீடும் செய்ய இயலாது. சம்மதம் மிரட்டியோ ஏமாற்றியோ பெறப்பட்டது என நிரூபிக்க வேண்டியிருக்கும்.

குழந்தையின் நிலை வேறு. தாய் தமது உரிமையை விட்டுக்கொடுத்தாலும், மைனர் மகளின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை என உச்ச நீதிமன்றம் 2019-ல் கூறியது. குழந்தையின் பராமரிப்பு, கல்வி குறித்த உத்தரவுகளை மாற்றக் கோரித் தீர்ப்புக்குப் பிறகும் மனு செய்யலாம்.

அரசு ஊழியர் குடும்பங்கள் மிகுந்த தீவில் இன்னொன்றையும் கணக்கிட வேண்டும். தீர்ப்பு வந்த நாளிலிருந்து மனைவி, கணவரின் சட்டப்படியான வாரிசு அல்லர். குடும்ப ஓய்வூதியத்துக்கும் அவருக்குத் தகுதியில்லை. இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டுக் கடனை இனி ஒருவரே செலுத்துவார் எனத் தம்பதி எழுதிக்கொண்டாலும், அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. தவணை தவறினால் வங்கி இருவரிடமும் கேட்கும்.

செலவைக் குறைக்க ஒரே வழக்கறிஞரை இருவரும் அமர்த்துவதும் வழக்கத்தில் உள்ளது. அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், எதிரெதிர் நலன் கொண்ட இருவருக்கும் ஒருசேர ஆலோசனை கூறுவது கடினம். மனு வரைவையாவது தனியாக வேறொருவரிடம் காட்டி, புரியும் மொழியில் விளக்கக் கேட்பது அவசியம்.

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-ன் 12-வது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருப்பினும் பெண்கள் இலவச சட்ட உதவி பெறலாம். இதற்கான தேசிய உதவி எண் 15100.