பிளக் ஸ்பேனர் கரையில், படகு கடலில்

புயலில் சிக்கிய படகுக்குத் தலைப்புச் செய்தி உண்டு. என்ஜின் நின்று, காற்று தள்ளிய பக்கமெல்லாம் மிதந்த ஃபைபர் படகுக்கு உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிதான். ‘என்ஜின் பழுதாகி எல்லை தாண்டிய மீனவர்கள் கைது’ என்ற செய்தி பாக் நீரிணைக் கரையில் திரும்பத் திரும்ப வருகிறது. என்ன பழுது என்று எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை. படகு கரை சேர்ந்தபின் மெக்கானிக் என்ஜினைத் திறந்தால், கரி பிடித்த பிளக், டீசலில் கலந்த தண்ணீர், காத்தாடியில் சுற்றிய வலைக் கயிறு, கழன்று விழுந்த ஸ்பிளிட் பின் என்று ஏதோ ஒரு சின்ன விஷயமாகவே பெரும்பாலும் இருக்கும். கியரே உடைந்துபோனால் நடுக்கடலில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மற்றவை சரியான சாமான் கையில் இருந்தால் அரைமணி நேர வேலை. அந்தச் சாமான் வீட்டில் கிடப்பதால்தான் அரைமணி நேர வேலை தேடுதல் வேட்டையாகவும், சில வேளை வேற்று நாட்டுச் சிறைவாசமாகவும் முடிகிறது. இதை விதி என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

ஓட்டுவது எந்த என்ஜின் என்பதைப் பொறுத்துப் பெட்டி மாறும். மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு என்றால் முதல் தேவை மாற்று பிளக், அதோடு பிளக் ஸ்பேனர். புது பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்பேனரைக் கரையில் விட்டுச் செல்பவர்கள் நிறைய. கழற்ற முடியாவிட்டால் புது பிளக் எதற்கு? அடுத்தது பெட்ரோல். இந்த என்ஜின்களைப் பெட்ரோலில் கிளப்பித்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். காலையில் கிளப்ப அளந்து ஊற்றிய பெட்ரோல் தீர்ந்து, என்ஜின் நின்று ஆறியும் போனால், கேன் நிறைய மண்ணெண்ணெய் இருந்தும் பயனில்லை. தனியாக ஒரு லிட்டர் பெட்ரோல் மூடிய கேனில், வெயில் படாமல், தொடாமல் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் மாற்ற அதே கனத்தில் ஒரு கயிறு, எரிபொருள் ஹோஸ், கிளிப், ஃபில்டர் வேண்டும். காத்தாடி நட்டுக்கு ஸ்பிளிட் பின் இரண்டு மூன்றாவது வேண்டும். ஷியர் பின் உள்ள சிறிய என்ஜின்களில் பின் உடைந்ததும் அதற்குப் பதிலாக இரும்பு ஆணியை வெட்டிச் செருகும் பழக்கத்தை இன்றே விட வேண்டும். காத்தாடி பாறையிலோ கட்டையிலோ மோதும்போது கியரைக் காப்பதற்காகத் தான் உடைவதற்கென்றே செய்யப்பட்ட பின் அது. ஆணி உடையாது, கியர் உடையும். பின்னின் விலை எங்கே, கியரின் விலை எங்கே!

டீசல் என்ஜினுக்குக் கதை வேறு. தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீர் ஃபில்டருக்கு வந்தால் என்ஜின் நின்றுவிடும், டீசல் தீரும்வரை ஓட்டினால் லைனில் ஏர் பிடித்துவிடும். அதன்பின் எத்தனை முறை சுற்றினாலும் கிளம்பாது, சுற்றுகிறவர் கைதான் ஓயும். ஃபில்டரில் உள்ள தண்ணீரை வடித்து, ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை பம்ப் செய்து, மறுபடி இறுக்க வேண்டும். இதற்கு ஒரு மாற்று ஃபில்டர், ஸ்குரூவுக்கு அடியில் போடும் செம்பு வாஷர் நாலு, சரியான நம்பர் ஸ்பேனர் இவ்வளவும் போதும். அந்த நம்பர் எது என்று கரையிலேயே மாட்டிப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றும்போது வாஷர் கடலுக்குள் விழும், விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரு வகை என்ஜினுக்கும் பொதுவாக இடுக்கி, ஸ்குரூ டிரைவர், கூர்மையான கத்தி, கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், கிரீஸ், டார்ச் லைட், தண்ணீர் இறைக்க வாளி ஆகியவை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கட்டும். உப்புக் காற்றில் திறந்து கிடக்கும் ஸ்பேனர் ஒரு பருவத்திலேயே துருவேறி விடும், மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் நிற்கும். அவுட்போர்டில் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சுவது நின்றுபோனால் இம்பெல்லரை அலையில் வைத்து மாற்ற முயல வேண்டாம். உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், கம்பியால் துவாரத்தைக் குத்திப் பாருங்கள், அதற்குமேல் அது கரை வேலை.

இதையெல்லாம் மறந்தாலும் நங்கூரத்தை மறக்கக் கூடாது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல், பெரும்பகுதியில் 15 மீட்டரைத் தாண்டாது. ஆழத்தைப் போல ஐந்து மடங்குக் கயிறு இருந்தால் நங்கூரம் பிடிக்கும் என்பது பொதுக் கணக்கு. 75 மீட்டர் கயிறும் ஒழுங்கான நங்கூரமும் உள்ள படகு, என்ஜின் நின்ற இடத்திலேயே நிற்கலாம். அது இல்லாத படகு, ஒரு நாட் வேகத்தில் நீரோட்டம் இழுத்தால்கூடப் பத்து மணி நேரத்தில் 18 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு ஒரு மைல் மேற்கே போகிறது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து மிதக்கும் படகு எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. என்ஜின் நின்றதும் முதல் வேலை நங்கூரம் போடுவது, பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஆழக் கடலில் நங்கூரம் எட்டாது. அங்கே வாளியையோ வலைத் துண்டையோ கயிற்றில் கட்டி முன்பக்கமாக இழுவையாக விட்டால் படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும், நகர்வும் குறையும். ஆனால் எல்லைக்கு அருகே வலையை அப்படி விடாதீர்கள். தண்ணீரில் கிடக்கும் வலை ரோந்துப் படகின் கண்ணுக்கு மீன்பிடிப்புதான்.

‘கூட நாலு படகு வருதே, கட்டி இழுத்துட்டு வந்துருவாங்க’ என்பது வழக்கமாக வரும் பதில். பகலில், ஒரே இடத்தில் வலை விட்டிருந்தால் அது உண்மை. இரவில், மீனைத் தேடிப் பிரிந்து போனபின் உண்மையல்ல. இழுத்து வரவும் கனமான கயிறு வேண்டும், அதையும் பலர் கொண்டுபோவதில்லை. ‘செல்போன் இருக்கே’ என்பது இன்னொரு பதில். கரையிலிருந்து சில மைல் தாண்டினால் சிக்னல் போய்விடும், கையடக்க வி.எச்.எஃப். கருவியும் எதிரே தடையில்லாத தூரத்துக்குத்தான் எட்டும். எடை என்பார்கள். மேலே சொன்ன சாமான் எல்லாம் சேர்ந்தாலும், நங்கூரம் நீங்கலாக, ஒரு ஐஸ் பெட்டியின் கனம் வராது. செலவு என்ற வாதம்தான் கொஞ்சம் நியாயமானது. பங்குக்குப் போகிறவர் படகுக்காரரின் பெட்டிக்குப் பணம் போட மாட்டார், படகுக்காரரோ கடனில் இருப்பார். ஆனால் வலைக்கும் டீசலுக்கும் பொதுச் செலவில் கழிப்பது போல இதையும் கழித்துக்கொள்ள எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் தடை சொல்லாது. கடலில் போகிற உயிர் எல்லாப் பங்காளிக்கும் உரியதுதானே.

தகவல் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. வி.எச்.எஃப். என்றால் 16-ஆம் சேனல். சொல்ல வேண்டியவை பதிவு எண், ஆட்களின் எண்ணிக்கை, ஜி.பி.எஸ். நிலை, படகின் நிறம். ‘ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே’ என்று சொன்னால் தேட முடியாது. எல்லை தாண்டுவதற்கு முன்பே சொல்வதில்தான் காரியம் இருக்கிறது. பழுதாகித்தான் மிதந்து வந்தோம் என்று பிறகு சொன்னால் யாரும் நம்புவதில்லை, நேரம் குறித்த அழைப்புப் பதிவு இருந்தால் வழக்கறிஞர் கையில் ஆதாரம் இருக்கும். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 98-ஆவது பிரிவு, ஆபத்தில் இருப்பவருக்கு உதவும் கடமையைச் சொல்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்த நாடுகள். 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கி வைக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், 1 லட்சம் படகுகளுக்கு சிக்னல் இல்லாத கடலிலும் தகவல் அனுப்ப உதவும் டிரான்ஸ்பாண்டர் கருவியை இலவசமாகத் தருவதாக அறிவிப்பு. விசைப்படகுகளுக்கு மட்டுமல்ல, என்ஜின் பொருத்திய நாட்டுப்படகுகளுக்கும் அது உண்டு. உங்கள் பகுதி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பதிவுச் சான்று, உரிமம், ஆதார் நகல்களோடு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டு ‘வந்தா சொல்றோம்’ என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

என்ஜின் வாங்கும் இடத்தில் ஏமாறுவது இன்னும் கொடுமை. மானியத்தில் வரும் என்ஜினைத் தள்ளிவிட்டால் போதும் என்ற நினைப்பில் கடைக்காரர் டூல் கிட்டைக் கொடுப்பதில்லை, வாரண்டி அட்டையில் முத்திரை வைப்பதில்லை, துறை அதிகாரிகளும் படம் எடுத்ததோடு கிளம்பிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் கையேட்டில் சொல்லியுள்ள சாமான்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே ரசீதில் கையெழுத்துப் போடுங்கள். என்ஜின் வரிசை எண்ணோடு ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். பில் இல்லாமல் வாரண்டி இல்லை, வழக்கும் இல்லை. வாரண்டிக் காலத்தில் பாகம் தர மறுத்தால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ‘தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு விளக்கம் இதற்குப் பதில் சொல்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது. படகில் நீங்களே போகிறீர்கள் என்பதைக் காட்ட மீனவர் அடையாள அட்டையும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டையும் போதிய துணை. தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு உள்ளே போக வேண்டும். வாரண்டியை நீட்டித் தருகிறேன், அடுத்த வாரம் பாகம் வரும் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும் மாதங்களும் அந்த இரண்டு ஆண்டில்தான் கழியும்.